வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்குதா உங்க நாய்க்குட்டி? காரணம் என்ன, என்ன செய்யலாம்?

பெங்களூரிலோ புனேயிலோ ஒரு டூ பிஎச்கே பிளாட். ஊரிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் முதல்முறையாக வந்திருக்கிறார்கள். காபி வருவதற்குள் வீட்டிலிருக்கும் ஐந்து மாதக் குட்டி பெரியப்பாவின் காலைக் கட்டிப்பிடித்து இடுப்பை ஆட்ட ஆரம்பித்துவிடுகிறது. எல்லோரும் டிவியையே உற்றுப் பார்க்கிறார்கள். பெரியம்மா மட்டும், "என்னம்மா இது, இதை வெளியில கட்டிப்போடக் கூடாதா?" என்கிறார்.

நாய் வளர்க்கும் வீடுகளில் இதில் ஏதாவது ஒரு வடிவம் கண்டிப்பாக நடந்திருக்கும். காலைக் கட்டிப்பிடிப்பது, கதவு திறந்ததும் நின்ற இடத்திலேயே உச்சா போவது, அழுக்குத் துணிக் கூடையிலிருந்து ஜட்டியை இழுத்துவந்து ஹால் நடுவில் போடுவது, வந்தவரின் தொடை நடுவே மூக்கை நுழைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கக்காவைத் தானே சாப்பிடுவது. இதையெல்லாம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை குட்டிப் பருவத்தின் சாதாரண நடத்தைதான். வெட்கப்படுவது நாம், நாய் அல்ல. நாலு பேர் பார்க்கிறார்களே என்ற பதற்றத்தில் நாம் கத்துகிறோம், மூக்கில் தட்டுகிறோம், பால்கனியில் கட்டிப்போடுகிறோம். பல நேரங்களில் அதுவே பழக்கத்தை வளர்த்துவிடுகிறது. அப்புறம் ஏழெட்டு மாதத்தில், "நல்ல குடும்பம் யாராவது இருந்தா சொல்லுங்க, ஃப்ரீயா குடுத்துடறோம்" என்று போட்டோவுடன் ஒரு மெசேஜ் குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது.

காலைக் கட்டிப்பிடிப்பது காமமா?

பெரும்பாலும் இல்லை. நாய்க்குட்டிகள் சில வாரக் குழந்தைகளாக இருக்கும்போதே கூடப் பிறந்தவற்றின் மீது ஏறி விளையாடும். அந்த வயதில் பருவமும் இல்லை, ஹார்மோனும் இல்லை. பெண் குட்டிகளும் இதைச் செய்யும். கருத்தடை செய்த நாய்களும் செய்யும். 'ஹம்பிங்' என்று நாய்ப் பிரியர்கள் சொல்லும் இந்தப் பழக்கத்தின் பின்னால் அதிகம் இருப்பது அளவு மீறிய உற்சாகம். புது ஆள், புது வாசனை, பெரிய குரல்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் "வா வா" என்று கூப்பிடுவது என எல்லாம் சேரும்போது, அந்தச் சின்ன மூளைக்கு அதை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாது. அருகில் ஒரு கால் இருக்கிறது, அவ்வளவுதான்.

தூக்கமும் ஒரு காரணம். குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரம் வரைகூடத் தூங்கும். விருந்தாளி வந்த நாளில் மதியத் தூக்கம் போய்விட்டால் சாயங்காலம் அது கடிப்பதும் ஏறுவதும் ஓடுவதுமாக இருக்கும். தூக்கம் கெட்ட கைக்குழந்தை சிணுங்குவதில்லையா, அந்த மாதிரி.

"அது உங்க மேல அதிகாரம் காட்டுது, நீங்கதான் தலைவன்னு காட்டணும்" என்று யாராவது சொல்வார்கள். இந்தத் 'தலைவன் நாய்' கதையின் வேர், கூண்டில் அடைக்கப்பட்ட ஓநாய்களை வைத்து 1940களில் நடந்த ஆய்வுகளில் இருக்கிறது. அந்தக் கருத்தைத் தன் 1970 புத்தகத்தால் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999ல் தானே திருத்தி எழுதினார். நம்மூரில் சில டிரெய்னர்கள் மட்டும் இன்னும் 1970லேயே நிற்கிறார்கள்.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்வது? சிரிக்கவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம். இரண்டுமே குட்டிக்குக் கவனம் கிடைத்த மாதிரிதான். பேசாமல் காலை விலக்கி, லீஷைப் பிடித்து அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். இரண்டு நிமிடம் கழித்து 'உட்கார்' மாதிரி அதற்குத் தெரிந்த ஒரு வேலையைக் கொடுங்கள், செய்ததும் ட்ரீட். கோபத்தோடு தள்ளிவிட்டால், "ஓ, மல்யுத்தம் ஆரம்பிச்சாச்சு" என்று நினைத்து இன்னும் வேகமாகத் திரும்பி வரும். ஏறுவதற்கு முன்பே அறிகுறி தெரியும்: சுற்றிச் சுற்றி வரும், மூச்சு வாங்கும், முன்கால்களால் காலைப் பிடிக்கப் பார்க்கும். அப்போதே கூப்பிட்டுவிடுவது நல்லது, ஏறிய பிறகு இழுப்பதைவிட.

ஆறு மாதத்துக்கு மேல் ஆண் நாய்களில் ஹார்மோனின் பங்கும் சேர்ந்துகொள்ளும். கருத்தடை உதவுமா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1997ல் வெளியிட்ட முடிவின்படி, ஏறுவது, கண்ட இடத்தில் அடையாளச் சிறுநீர் விடுவது, வீட்டை விட்டு ஓடுவது ஆகிய பழக்கங்கள் 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட நாய்களில் பாதிக்குப் பாதியாவது குறைந்தன. நல்ல பலன்தான், ஆனால் சுவிட்சை அணைத்த மாதிரி முழுதாக நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்த வயதில் செய்வது என்பது இனத்தைப் பொறுத்தது. சின்ன இனங்களுக்கு ஆறு மாதத்தை ஒட்டியும், லேப்ரடார் மாதிரிப் பெரிய இனங்களுக்கு வளர்ச்சி முடிந்த பிறகும் செய்யலாம் என்பது பொதுவான வழிகாட்டல். உங்கள் குட்டிக்கு எப்போது என்பதை வெட்டிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம், யாரும் கேட்கத் துணியாத விஷயம். ஆண் குட்டிக்கு உற்சாகம் வந்தால் உறுப்பு சிவப்பாக வெளியே தெரியும், அடியில் இரண்டு பக்கமும் உருண்டையாக வீங்கும். முதல்முறை பார்ப்பவர்கள் கட்டி என்று நினைத்துப் பதறிவிடுவார்கள். அது இயல்பானது, சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். அரை மணி நேரம் ஆகியும் போகவில்லை, காய்ந்துபோகிறது, குட்டி வலியில் நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் அது அவசரம். காலைவரை காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

கதவு திறந்ததும் உச்சா

இதில் இரண்டு வகை உண்டு, பார்த்தாலே பிரித்துவிடலாம். வாலை ஆட்டி, துள்ளி, அந்தத் துள்ளலிலேயே நாலு சொட்டு விடுவது உற்சாகத்தில் வருவது. காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகி, தரையோடு பதுங்கி அல்லது மல்லாந்து படுத்து விடுவது பணிவில் வருவது. "நான் சின்னவன், என்னை ஒண்ணும் செய்யாதீங்க" என்று நாய் மொழியில் சொல்வது அது. இரண்டுமே குட்டியின் கட்டுப்பாட்டில் இல்லை. பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதை நெருங்கும்போது தானாகவே போய்விடும்.

இரண்டாவது வகையில் திட்டுவது நேரெதிர் பலன் தரும். பயத்தில் உச்சா போகிற குட்டியைத் திட்டினால் பயம் கூடும், உச்சாவும் கூடும். வீட்டுக்கு வந்ததும் குட்டியைக் கண்டுகொள்ளாமல் செருப்பைக் கழற்றுங்கள், பையை வையுங்கள், தண்ணீர் குடியுங்கள். அது கொஞ்சம் அடங்கியதும் குனிந்து மேலிருந்து தலையைத் தடவாமல், பக்கவாட்டாக உட்கார்ந்து நெஞ்சுப் பகுதியைத் தடவுங்கள். விருந்தாளி வருவதற்குள் ஒருமுறை வெளியே கூட்டிப்போய் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிடுங்கள். முடிந்தால் முதல் சந்திப்பை வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் இல்லாமல் சும்மாவே கண்ட இடத்தில் போகிறது என்றால் முதலில் கணக்கைப் பாருங்கள். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது, அது அதிகபட்சம் அடக்கக்கூடிய மணி நேரம் என்று தோராயமாகச் சொல்வார்கள். மூன்று மாதக் குட்டிக்கு நாலு மணி நேரம், அதுவும் தூங்கும்போது. காலை 9 மணிக்குக் கிளம்பி இரவு 7 மணிக்குத் திரும்புகிற வீட்டில் அந்தக் குட்டி பத்து மணி நேரம் அடக்க வேண்டும். அதனால் முடியாது. நடுவில் யாராவது வந்து வெளியே கூட்டிப்போக வேண்டும், அல்லது பால்கனியில் அதற்கென ஒரு இடம் வைக்க வேண்டும். குட்டி வாங்குவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. தடுப்பூசி முழுதாக முடியாத குட்டியைத் தெருவில் மற்ற நாய்கள் போகிற இடத்தில் இறக்கிவிடக் கூடாது, பார்வோ வைரஸ் அங்கேதான் காத்திருக்கும். அதுவரை பால்கனியில் பேப்பரோ புல் மேட்டோ போதும்.

துடைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நம் வீடுகளில் உடனே கை போவது பினாயிலுக்கு. அது நமக்கு வாசனையை மறைக்கும், நாயின் மூக்குக்கு மறைக்காது. "இதுதான் பாத்ரூம்" என்று அந்த இடம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அம்மோனியா கலந்த கிளீனர்கள் இன்னும் மோசம், சிறுநீரின் வாசனையையே ஞாபகப்படுத்தும். பெட் ஷாப்பில் கிடைக்கும் என்சைம் கிளீனர் சிறுநீரை உடைத்து நீக்கும். கறுப்பு பினாயிலில் உள்ள பீனால் வகை ரசாயனங்கள், ஈரத் தரையில் நடந்த பாதத்தை நக்கும் குட்டியின் உடம்புக்கும் நல்லதல்ல.

ஏற்கெனவே பழகிவிட்ட குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சிரமப்பட்டாலோ, நிறம் மாறினாலோ அது நடத்தைப் பிரச்சனை இல்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், பரிசோதனை வேண்டும்.

"தப்பு செஞ்சது அதுக்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்க"

இதைச் சொல்லாத வீடு கிடையாது. ஆபீஸிலிருந்து வருகிறோம், சோபா பக்கத்தில் ஈரம், குட்டி மூலையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கண்ணைத் திருப்பிக்கொள்கிறது. குற்ற உணர்வு என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். நியூயார்க்கில் உள்ள பர்னார்ட் கல்லூரியின் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல் இதைச் சோதித்துப் பார்த்தார். தொடக் கூடாது என்று சொன்ன தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதில், சில உரிமையாளர்களுக்கு வேண்டுமென்றே தவறான தகவல் சொல்லப்பட்டது. அந்த 'குற்ற முகம்' நாய் தின்றதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. அதாவது அந்த முகம் நம் கோபத்துக்கான பதில்.

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் போன உச்சாவையும் இப்போது கேட்கிற திட்டையும் குட்டியால் இணைக்க முடியாது. அது கற்றுக்கொள்வது, "இவங்க கதவைத் திறந்து வர்றப்போ பயமா இருக்கணும்" என்பதைத்தான். அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்ப்பதும் அப்படியே. அடுத்த முறை அது சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும், நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் மூன்று நாளாகிவிடும்.

போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2020ல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. கத்துவது, லீஷை வெடுக்கென்று இழுப்பது மாதிரியான முறைகளில் பயிற்சி பெற்ற நாய்களிடம், பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களைவிட மன அழுத்த அறிகுறிகளும், பயிற்சிக்குப் பிறகு உமிழ்நீரில் கார்டிசால் ஹார்மோனும் அதிகம் இருந்தன. பயந்த நாய் முதலில் உறுமும். உறுமியதற்கும் அடி விழுந்தால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். அதன் பிறகு வீட்டில் பேச்சு உச்சாவைப் பற்றி இருக்காது.

ஜட்டி, சாக்ஸ்: சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை

விருந்தாளி முன்னால் உள்ளாடையை இழுத்து வருவதற்குக் காரணம் எளிது. வீட்டிலேயே உங்கள் வாசனை அதிகம் இருக்கும் துணி அதுதான். பல் முளைக்கும் மூன்று முதல் ஆறு மாத வயதில் மெல்வதற்கும் மெத்தென்று இருக்கும். தூக்கிக்கொண்டு ஓடினால் முழுக் குடும்பமும் பின்னால் ஓடிவருகிறது, இதைவிட நல்ல விளையாட்டு எங்கே கிடைக்கும்?

ஆபத்து அந்தத் துரத்தலில் இருக்கிறது. பிடுங்கிவிடுவார்கள் என்று தெரிந்த குட்டி அவசரத்தில் விழுங்கிவிடும். சாக்ஸ், உள்ளாடை, துப்பட்டா நூல் எல்லாம் குடலில் சிக்கினால் ஆபரேஷன்தான் வழி, தாமதமானால் உயிருக்கே ஆபத்து. திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது, வயிற்றைத் தொட்டால் முனகுவது, கக்கா போகாமல் முக்குவது, இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே வெட்டிடம் போங்கள், என்ன காணாமல் போயிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும்.

துரத்துவதற்குப் பதில் பேரம் பேசுங்கள். வேகவைத்த சிக்கன் துண்டை நீட்டி "விடு" என்று சொல்லி, விட்டதும் கொடுங்கள். சாதாரண பொம்மைகளோடு தினமும் ஐந்து நிமிடம் இதைப் பழக்கினால் உண்மையான அவசரத்தில் கைகொடுக்கும். அப்புறம், அழுக்குத் துணிக் கூடைக்கு ஒரு மூடி வாங்குங்கள். பாதிப் பிரச்சனை அதிலேயே தீர்ந்துவிடும்.

மூக்கை எங்கெங்கோ நுழைப்பதும் இதே வாசனை விவகாரம்தான். மனிதர்களுக்கு அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருக்கும் அபோக்ரைன் சுரப்பிகள், ஆள் யார், எந்த நிலையில் இருக்கிறார் என்பதை நாய்க்குச் சொல்லும் விசிட்டிங் கார்டு மாதிரி. மாதவிடாய் நாட்களில் அல்லது பிரசவத்துக்குப் பிறகு வருபவர்களிடம் அதிகம் மோப்பம் பிடிக்கலாம், அவர்களுக்குத்தான் கூடுதல் சங்கடம். வந்தவரின் கையை முதலில் கீழே நீட்டச் சொல்லுங்கள். மோப்பம் அங்கேயே முடிந்துவிட வாய்ப்பு அதிகம்.

கக்கா சாப்பிடுவது

பார்ப்பவர்களுக்குக் குமட்டும், ஆனால் அபூர்வமில்லை. டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட் குழு 2018ல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 16 சதவீத நாய்கள் இதை அடிக்கடி செய்தன. பெரும்பாலும் இரண்டு நாளுக்கு உட்பட்ட புதியதைத்தான். இருக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்துக் குடற்புழு பரவாமல் தடுத்த ஓநாய் முன்னோர்களின் மிச்சமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இதை நிறுத்த என்று விற்கப்படும் மாத்திரை, பவுடர்களின் வெற்றி விகிதம் 2 சதவீதத்தைத் தாண்டவில்லை என்பதும் அதே ஆய்வில் வந்தது. அந்தப் பணத்துக்கு ட்ரீட் வாங்கலாம்.

வேலை செய்வது ஒன்றுதான்: போன உடனே எடுத்துவிடுவது. குட்டி முடித்ததும் கூப்பிட்டு ட்ரீட் கொடுத்து, அது சாப்பிடும்போது நீங்கள் அள்ளிவிடுங்கள். மிளகாய்த்தூள் தூவும் வைத்தியம் வேண்டாம். பூச்சி மருந்து நேரத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். குட்டிகளுக்கு மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை என்பது வழக்கமான அட்டவணை. எடை கூடாமல், எப்போதும் பசியோடு, கழிசலோடு இருந்தால் செரிமானக் கோளாறு இருக்கலாம். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்வதும் பெரும்பாலும் உடம்புப் பிரச்சனைதான்: புழு, அலர்ஜி, அல்லது ஆசனவாய்ச் சுரப்பி அடைப்பு.

விருந்தாளி வருகிற நாள்

மேலே சொன்னதில் பாதியை முந்தைய அரை மணி நேரத்தில் தவிர்த்துவிடலாம். ஒரு நடை, உச்சா, கொஞ்சம் மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு. பெல் அடிக்கும்போது குட்டி லீஷில் இருக்கட்டும், அதன் மேட்டில் தயிரோ பூசணி மசியலோ தடவிய நக்கும் தட்டு இருக்கட்டும். நக்குவதும் மெல்லுவதும் நாய்களைச் சாந்தப்படுத்தும்.

வருகிறவர்களிடம் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்: "முதல் அஞ்சு நிமிஷம் அதைப் பாக்காதீங்க, பேசாதீங்க, தொடாதீங்க." பெரியவர்களுக்கு ரூல் சொல்வது நாய்க்குச் சொல்வதைவிடக் கஷ்டம்தான். "புதுசா டிரெய்னிங் போகுது, உங்க ஹெல்ப் வேணும் பெரியப்பா" என்று கேட்டால் வேலை நடக்கும். நாய் என்றாலே பயப்படுபவர்கள், பூஜை, ஆசாரம் காரணமாகத் தொட விரும்பாதவர்கள், தடுமாறி நடக்கும் தாத்தா பாட்டி வந்தால் குட்டியை அடுத்த அறையில் விடுவதுதான் மரியாதை. ஆனால் அந்த அறையை அன்றைக்குத்தான் முதல்முறை காட்டினால் அழுது ஊரைக் கூட்டும். யாரும் வராத நாட்களிலேயே, உள்ளே மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்து, பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று பழக்கிவைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் புகாரும் வரலாம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளைத் தடைசெய்ய முடியாது. கேரள உயர் நீதிமன்றமும் 2021ல் இதேபோலத் தீர்ப்பளித்தது. அதற்காக லிஃப்டில் உச்சா போனால் துடைக்க வேண்டியது வாட்ச்மேன் இல்லை, நீங்கள்தான்.

எல்லாம் செய்தும் முடியவில்லை என்ற நிலை சிலருக்கு வரத்தான் செய்யும். வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஊர் மாறும். அப்போது குட்டியை ஏதாவது ஏரிக்கரையில் இறக்கிவிட்டு வருவது குற்றம். 1960ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11வது பிரிவின்படி, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிட்டால் முதல்முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆமாம், ரூபாய்தான், அறுபது வருடம் தாண்டியும் அதே தொகை. ஆனால் வீட்டில் வளர்ந்த குட்டிக்குத் தெருவில் சாப்பாடு தேடவும் தெரியாது, வண்டிக்கு ஒதுங்கவும் தெரியாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வாங்கிய இடத்திலும் உங்கள் வெட்டிடமும் முதலில் பேசுங்கள். புது வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு கொடுங்கள், எந்த நேரத்தில் உச்சா போகும், யாரைப் பார்த்தால் பதுங்கும், எதை எடுத்து மெல்லும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கூச்சப்பட்டு எதையும் விட்டுவிடாமல்.